களனிவெளிப் பாதைக்கு நேர அட்டவணை போட்டுப் பார்ப்பது எப்படி? கணித உகப்பாக்கத்தில் முதன்முறை இறங்குபவர்களுக்கு

கணிதத்தைக் கொண்டு ரயில் நேர அட்டவணை போடலாம் என்று எங்கேயோ வாசித்துவிட்டு, கொழும்பில் இருந்தபடியே அதைச் செய்து பார்க்க ஆசைப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இறுதி ஆண்டுச் செயற்றிட்டமாக இருக்கலாம். தினமும் ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவரின் ஆற்றாமையாகவும் இருக்கலாம். நான் இதில் இறங்கியபோது எந்த ஆவணத்தை எங்கே கேட்பது, எதை அளப்பது, எந்த மென்பொருள் இலவசம் என்று தமிழில் சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கட்டுப்பாடுகளை மீறாத வழிகளில் மிகச் சிறந்ததைக் கணக்குப் போட்டுத் தேடுவதுதான் கணித உகப்பாக்கம். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவருக்கு இதிலுள்ள கணிதம் பிடிபடும். பைதன் கொஞ்சம் தெரிந்தால் போதும். ஒன்றை மட்டும் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: சமனிலிகளை எழுதுவது ஒரு வாரத்து வேலை. அவற்றுக்குள் போடும் எண்களைச் சரியாகச் சேர்ப்பதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகும். உங்கள் நேரத்தை அதற்கேற்பப் பிரித்துக்கொள்ளுங்கள்.

1. சின்னப் பகுதி ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று நம்மவர்கள் அதிகம் இருப்பது கடலோரப் பாதையில். அதனால் அதையே எடுக்கத் தோன்றும். முதல் முயற்சிக்கு அதை எடுக்காதீர்கள். கோட்டையிலிருந்து மொறட்டுவை, பாணந்துறை வரை இரட்டைப் பாதை. ஒரே திசையில் போகும் ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. அவற்றுக்கு இடையே எவ்வளவு நேரம் விடுவது என்பதுதான் அங்கே பெரும்பாலும் கேள்வி. பிரதான பாதையையும் விடுங்கள். றாகமவில் புத்தளம் பாதை பிரிகிறது, பொல்காவலையில் வடக்குப் பாதை பிரிகிறது, தூரச் சேவைகளும் பொருள் ரயில்களும் கலந்து ஓடுகின்றன. புதிதாக வருபவரை அது மூழ்கடித்துவிடும்.

களனிவெளிப் பாதையை எடுங்கள். மருதானையிலிருந்து நாரஹேன்பிட்டி, நுகேகொடை, மஹரகம, ஹோமாகம வழியாக அவிசாவளை வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர், ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு ரயில்களில் எது எந்த நிலையத்தில் ஒதுங்கி நிற்பது என்பதை யாராவது தீர்மானித்தே ஆக வேண்டும். ரயில்காரர்கள் இதைக் குறோசிங் என்பார்கள். உகப்பாக்கம் உண்மையிலேயே உதவும் இடம் இதுதான்.

முதல் சுற்றுக்கு மருதானை முதல் ஹோமாகம வரை, காலை 5 மணி முதல் 9 மணி வரை போதும். அது சரியாக வந்த பிறகு அவிசாவளை வரை நீட்டுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. களனிவெளி ரயில்கள் மருதானைக்கும் கோட்டைக்கும் இடையில் மற்ற எல்லாப் பாதை ரயில்களோடும் இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தப் பகுதியையும் உள்ளே இழுத்தீர்களானால் முழு நாட்டு அட்டவணையையும் தலையில் தூக்கிவைத்த மாதிரி ஆகிவிடும். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு ரயிலும் மருதானையில் இன்று நுழையும் நேரத்துக்கு முன்பின் 3 நிமிடம் என்று ஒரு சாளரம் கொடுத்துவிட்டு, உங்கள் எல்லையை அங்கேயே மூடுங்கள். அறிக்கையிலும் அதை வெளிப்படையாக எழுதுங்கள்.

2. ஆவணங்கள்

பயணிகளுக்கான அட்டவணை இணையத்தில் கிடைக்கும். அதை வைத்து மட்டும் வேலையைத் தொடங்கினால் பாதி ரயில்கள் உங்கள் கண்ணில் படாது. வெறும் பெட்டிகளோடு திரும்பும் ரயில், தனியாகப் போகும் எஞ்சின், பராமரிப்பு வண்டி எதுவும் பயணிகள் அட்டவணையில் வராது. ஆனால் அவையும் அதே தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன.

உங்களுக்குத் தேவை, ஊழியர்களுக்கென அச்சிடப்படும் வேர்க்கிங் டைம் டேபிள். பேச்சில் அதைச் செயற்பாட்டு அட்டவணை என்றும் சொல்லலாம். நிற்காமல் கடக்கும் நிலையங்களின் நேரமும் குறோசிங் நடக்கும் இடங்களும் அதில் இருக்கும். இன்னும் கேட்க வேண்டியவை: ஒவ்வொரு நிலையத்திலும் எத்தனை பாதைகள், ஒதுங்கி நிற்கும் லூப் பாதையின் நீளம், எந்தப் பாதைகளுக்கு மேடை இருக்கிறது, நிரந்தர வேகக் கட்டுப்பாடுகள், ஓடும் ரயில் தொகுதிகளின் நீளம்.

கேட்க இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள்.

முதலாவது, பல்கலைக்கழக மாணவராக இருந்தால் மேற்பார்வையாளரின் கையெழுத்தோடு, திணைக்களத் தலைப்புத்தாளில், புகையிரதப் பொது முகாமையாளருக்கு எழுதும் கடிதம். தலைமையகம் மருதானையில் இருக்கிறது. கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். "ஆய்வுக்குத் தரவு வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் கடிதம் மேசை மேசையாகச் சுற்றும். எந்தப் பாதை, எந்த நிலையம் முதல் எந்த நிலையம் வரை, எந்த ஆவணம் என்று பெயர் சொல்லிக் கேட்டால் அது பொறுப்பானவரின் கைக்கு நேராகப் போகும்.

இரண்டாவது, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இலங்கைக் குடிமக்கள் எவரும் விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. இதற்கென ஒரு படிவம் இருக்கிறது, ஆனால் கடிதமாக எழுதினாலும் செல்லும். தமிழில் எழுதலாம், அது உங்கள் உரிமை. கொடுத்த உடனே, கிடைத்ததற்கான எழுத்துமூல ஒப்புதலைக் கேட்டு வாங்குங்கள்.

காலக்கணக்கு இப்படி. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தரலாமா முடியாதா என்று தீர்மானிக்க வேண்டும். தருவதாக முடிவானால், கட்டணம் இருந்தால் அதைக் கட்டிய பிறகு 14 நாட்களுக்குள் தகவல் வர வேண்டும். பக்கங்கள் நிறைய என்றால் இன்னும் 21 நாட்கள் வரை நீட்டலாம். ஆக, நல்லபடியாக நடந்தாலும் இரண்டு மாதம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு செய்ய வேண்டும். அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். அந்த 14 நாளைத் தவறவிடாதீர்கள். மறுப்புக் கடிதம் கையில் கிடைத்த அன்றே நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

செலவைக் குறைக்க ஒரு வழி: மின்னஞ்சலில் அனுப்பும்படி விண்ணப்பத்திலேயே கேளுங்கள். அச்சுப் பிரதியாகத்தான் தருவோம் என்றால் உங்களுக்கு வேண்டிய பாதையின் பக்கங்களை மட்டும் கேளுங்கள். முழுப் புத்தகத்தையும் கேட்டால் பிரதிக் கட்டணமும் ஏறும், காலநீடிப்புக்கும் காரணம் கிடைத்துவிடும்.

சமிக்ஞைச் சுற்று வரைபடம் போன்றவற்றைக் கேட்காதீர்கள். பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுக்க இடமுண்டு. ரயில் ஓட்டத்தை மாறிகளாலும் சமனிலிகளாலும் எழுதும் உங்கள் கணித மாதிரிக்கு அவை தேவையும் இல்லை.

மொழி விஷயம் ஒன்று. விண்ணப்பம் தமிழில் போனாலும் ஆவணம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் இருக்கும். ஒரே நிலையத்தின் பெயர் மூன்று மொழியிலும் வேறு வேறு எழுத்துக் கூட்டலில் வரும். முதல் நாளிலேயே ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எண் கொடுத்து, பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

3. நேரில் அளந்து பாருங்கள்

ஆவணத்தில் உள்ள நேரம் திட்டமிட்ட நேரம். அதற்குள் ஏற்கெனவே தாமதத்துக்கென விட்ட தளர்வு ஒளிந்திருக்கும். பெரும்பாலும் கடைசி நிலையத்துக்கு முந்திய துண்டில்தான் (இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதையைத் துண்டு என்கிறேன்) அதைச் சேர்த்துவைத்திருப்பார்கள். உங்கள் மாதிரிக்குத் தேவையோ குறைந்தபட்ச ஓட்ட நேரம். இரண்டையும் குழப்பினால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் பொய்யாகிவிடும்.

குறைந்தபட்ச ஓட்ட நேரத்தை எப்படிப் பிடிப்பது? பிந்தி ஓடும் ரயிலில் ஏறுங்கள். நேரத்தைப் பிடிக்க வேண்டிய சாரதி விதிக்கப்பட்ட வேக எல்லைக்குள் எவ்வளவு விரைவாகப் போக முடியுமோ அவ்வளவு விரைவாகப் போவார். அன்று பதிவாகும் நேரம்தான் அந்தத் துண்டின் உண்மையான குறைந்தபட்சத்துக்கு மிக அருகில் இருக்கும்.

போனில் ஜிபிஎஸ் பதிவுச் செயலி ஒன்றைப் போட்டு, ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். கூடவே ஒரு கொப்பியில் சக்கரம் நின்ற நேரத்தையும் உருளத் தொடங்கிய நேரத்தையும் எழுதுங்கள். ரயில் மேடையில் நுழைவதும் நிற்பதும் ஜிபிஎஸ்ஸில் சில விநாடிகள் குழம்பும், கொப்பி அதைத் தீர்த்துவைக்கும். ஒவ்வொரு நிலையத் தரிப்புக்கும் குறைந்தது பத்து அளவீடு வேண்டும். சராசரியை எடுக்காதீர்கள், இடையத்தை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை, எடுங்கள். கதவில் பை சிக்கி ரயில் நான்கு நிமிடம் நின்ற ஒரு நாள் சராசரியைக் கெடுத்துவிடும்.

காலை நெரிசலில் நுகேகொடையில் ஆட்கள் ஏறி இறங்கும் நேரமும் மதியத்தில் அதே நிலையத்தின் தரிப்பும் ஒன்றல்ல. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பாடசாலை விடுமுறைக் காலத்திலும் போயா நாளிலும் அளந்ததைச் சாதாரண வேலை நாளோடு கலக்காதீர்கள். வார நாள், சனி, ஞாயிறு, பொது விடுமுறை எல்லாவற்றிலும் ஓடும் ரயில்களே வேறுபடும்.

குறோசிங் நடக்கும்போது கவனமாகப் பாருங்கள். இலங்கையின் ஒற்றைப் பாதைகளில் பல இடங்களில் இன்னும் டெப்லட் முறை இருக்கிறது. ஒரு துண்டுக்குள் நுழைய அதற்குரிய வில்லையைச் சாரதி கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். எதிர் ரயில் வந்து நின்று, வில்லை கை மாறி, சமிக்ஞை விழுந்து, நம் ரயில் நகரும்வரை எவ்வளவு நேரம் போகிறது? உங்கள் பகுதியில் டெப்லட்டா, வர்ண விளக்குச் சமிக்ஞையா, எதுவானாலும் இந்த இடைவெளியை (இதைத்தான் பின்னால் மாற்று நேரம் என்கிறேன்) அளந்தே ஆக வேண்டும். இரண்டு ரயில்களும் ஒரே நேரத்தில் நிலையத்துக்குள் நுழையலாமா, ஒன்று நின்ற பிறகுதான் மற்றது வரலாமா என்பதையும் நிலைய அதிபரிடம் கேளுங்கள். இந்தக் கேள்வியின் பதில் ஒவ்வொரு குறோசிங்குக்கும் ஓரிரு நிமிடத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும்.

நிலைய அதிபர்களிடம் பேச நெரிசல் இல்லாத மதிய நேரம் நல்லது. உங்களுக்குச் சிங்களம் தடுமாறினால் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கடிதத்தின் பிரதியைக் கையில் வைத்திருங்கள். ஓர் அலுவலகத்தில் என்னை மூன்று மேசைக்கு அனுப்பிவிட்டு, கடைசியில் முதல் மேசைக்கே திருப்பினார்கள். ஆனால் நிலையங்களில் நான் சந்தித்த அதிபர்கள் பொறுமையாக உட்காரவைத்து, எந்த ரயில் எங்கே வழமையாக மாட்டிக்கொள்ளும் என்று கையாலேயே கீறிக் காட்டினார்கள். எந்த ஆவணத்திலும் கிடைக்காத அறிவு அது.

தண்டவாளத்தில் இறங்கி லூப் நீளத்தை அளக்காதீர்கள். ஆபத்து, குற்றமும்கூட. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்திலோ செய்மதிப் படத்திலோ அளந்துகொள்ளலாம்.

4. கணினி, மென்பொருள், செலவு

இங்கே செலவு கிட்டத்தட்ட இல்லை. 8 ஜிபி நினைவகமுள்ள சாதாரண லப்டொப் போதும். கட்டுப்பாடுகளையும் இலக்கையும் கொடுத்தால் விடையைத் தேடித் தரும் மென்பொருளைச் சோல்வர் என்பார்கள். ஹைஸ் (HiGHS), ஸ்கிப் (SCIP), கூகுளின் ஓஆர்-டூல்ஸ் (OR-Tools) மூன்றுமே திறந்த மூல மென்பொருள்கள், இலவசம். நான் புதியவருக்குச் சொல்வது ஓஆர்-டூல்ஸுக்குள் இருக்கும் சிபி-சாட் சோல்வரை. "இது அல்லது அது" என்ற வகைக் கட்டுப்பாடுகளை அது நன்றாகக் கையாளும். ஆனால் நிறைவெண்களை மட்டுமே ஏற்கும். அதனால் எல்லா நேரத்தையும் அரை நிமிட அலகிலோ விநாடியிலோ எழுதுங்கள்.

குரோபி (Gurobi) மிக வேகமான வணிகச் சோல்வர். மாணவருக்கும் விரிவுரையாளருக்கும் கல்வி உரிமம் இலவசம். அதைச் செயற்படுத்தும்போது பல்கலைக்கழக வலையமைப்புக்குள் இருக்க வேண்டும், வீட்டில் இருந்து முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். உரிமம் இல்லாமல் நிறுவினால் 2000 மாறிகள், 2000 கட்டுப்பாடுகள் என்ற எல்லை உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கொழும்புக்கு வரும் ரயில் 12, கொழும்பிலிருந்து போகும் ரயில் 8, துண்டுகள் 10 என்றால் எதிரெதிர் சோடிகளுக்கே 960 இரும மாறிகள் (0 அல்லது 1 மட்டும் எடுப்பவை, எதற்கென்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்). ஒவ்வொன்றுக்கும் இரண்டு சமனிலிகள், ஆக 1920. ஓட்ட நேரத்தையும் தரிப்பையும் சேர்த்ததும் 2000ஐத் தாண்டிவிடும்.

5. மாதிரியை எழுதுங்கள்

ஒவ்வொரு ரயிலுக்கும் ஒவ்வொரு நிலையத்திலும் இரண்டு மாறிகள்: வருகை நேரம், புறப்பாட்டு நேரம். இவைதாம் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியவை. கட்டுப்பாடுகள் பெரும்பாலும் கழித்தல்கள்தான்.

அடுத்த நிலையத்து வருகையிலிருந்து இந்த நிலையத்துப் புறப்பாட்டைக் கழித்தால், குறைந்தபட்ச ஓட்ட நேரத்துக்குக் குறையக் கூடாது. புறப்பாட்டிலிருந்து வருகையைக் கழித்தால், குறைந்தபட்சத் தரிப்புக்குக் குறையக் கூடாது. ஒரே திசையில் பின்னால் வரும் ரயில், முன்னது துண்டைக் காலி செய்த பிறகே நுழைய வேண்டும். இதுவரை நேர்கோட்டுச் சமனிலிகள்தான்.

சிக்கல் குறோசிங்கில் வருகிறது. அ, ஆ என்ற இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒற்றைப் பாதை. அ பக்கமிருந்து ஒரு ரயில், ஆ பக்கமிருந்து ஒரு ரயில். முதலாவது முந்தினால்: இரண்டாவதின் ஆ புறப்பாடு ≥ முதலாவதின் ஆ வருகை + மாற்று நேரம். இரண்டாவது முந்தினால்: முதலாவதின் அ புறப்பாடு ≥ இரண்டாவதின் அ வருகை + மாற்று நேரம். இரண்டில் ஒன்றுதான் பொருந்த வேண்டும். எது என்று சொல்ல 0 அல்லது 1 எடுக்கும் ஓர் இரும மாறியைப் போட்டு, பொருந்தாத சமனிலியை ஒரு பெரிய எண்ணால் தளர்த்திவிடுகிறோம்.

அந்தப் பெரிய எண்ணில்தான் அநேகர் விழுகிறார்கள். பாடப்புத்தகத்தில் பார்த்ததுபோல 10 இலட்சம் என்று போட்டால் சோல்வர் ஆமையாகிவிடும், தசமப் பிழையால் இரண்டு ரயில்களை ஒரே துண்டுக்குள் அனுமதித்தும் விடலாம். ஒவ்வொரு சோடிக்கும் தனியாகக் கணக்கிடுங்கள். ஒரு ரயில் மிகப் பிந்தி வரக்கூடிய நேரம், மாற்று நேரத்தைக் கூட்டி, மற்றது மிக முந்திப் புறப்படக்கூடிய நேரத்தைக் கழித்தால் வருவது போதும். 5.10க்குப் புறப்படுவதும் 8.40க்குப் புறப்படுவதும் சந்திக்க வழியே இல்லை என்றால் அந்தச் சோடிக்கு இரும மாறியே வேண்டாம். மேலே சொன்ன 960இல் பெரும்பகுதி இப்படிக் கழன்றுவிடும். சிபி-சாட் பாவிப்பவர்களுக்கு இந்தப் பெரிய எண்ணின் தொல்லை இல்லை. ஒவ்வொரு துண்டிலும் கால இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழக் கூடாது என்று நேரடியாகவே எழுதலாம்.

விட்டுப்போகும் கட்டுப்பாடுகள் மூன்றைச் சொல்கிறேன். ஒன்று, நிலையக் கொள்ளளவு: இரண்டு பாதைகள் உள்ள நிலையத்தில் மூன்று ரயில்கள் நிற்க முடியாது. இதை விட்டால் மாதிரி அழகான விடையொன்றைத் தரும், ஆனால் நிஜத்தில் எல்லா ரயிலும் ஒன்றையொன்று அடைத்துக்கொண்டு நிற்கும். இரண்டு, திரும்பும் நேரம்: வந்த தொகுதிதான் அடுத்த ரயிலாகத் திரும்பிப் போகும். பவர் செட் (இரு முனையிலிருந்தும் ஓட்டக்கூடிய ரயில் தொகுதி) என்றால் சாரதி மறுமுனைக்கு நடந்தால் போதும். எஞ்சின் இழுக்கும் ரயில் என்றால் எஞ்சினைக் கழற்றிச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கம் பூட்ட வேண்டும், அதற்கு வெற்றுப் பாதை ஒன்றும் தேவை. மூன்று, லூப்பின் நீளம்: நீளமான ரயில்கள் இரண்டும் குட்டை லூப் உள்ள நிலையத்தில் கடக்க முடியாது.

6. இன்றைய அட்டவணையை உள்ளே போட்டுப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டாமல் உகப்பாக்கத்தின் பக்கமே போக வேண்டாம். இந்தக் கட்டுரையில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

இப்போது ஓடும் அட்டவணையின் நேரங்களை அப்படியே மாறிகளுக்குக் கொடுத்து, எல்லாக் கட்டுப்பாடுகளும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். முதல் தடவை பொருந்தாது. ஏதோ ஒரு துண்டில் நீங்கள் அளந்த ஓட்ட நேரம் 7 நிமிடமாக இருக்கும், அட்டவணையோ 6 நிமிடம் என்று சொல்லும். அச்சிட்ட நேரம் முழு நிமிடத்துக்கு வட்டப்படுத்தப்பட்டது என்பதும் ஒரு காரணமாகலாம். ஒரு நிலையத்தில் லூப் இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள், அங்கேதான் தினமும் குறோசிங் நடக்கும். ஒவ்வொரு முரணும் உங்கள் தரவில் ஒரு பிழையைக் காட்டும், அல்லது நீங்கள் அறியாத ஒரு நடைமுறையைக் காட்டும்.

எங்கே பொருந்தவில்லை என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் ஒரு மீறல் மாறியைச் சேர்த்து, மீறல்களின் கூட்டுத்தொகையை இழிவாக்குங்கள், அதாவது முடிந்தவரை சிறிதாக்குங்கள். எந்தெந்த மாறி பூச்சியமாகவில்லையோ அந்தத் துண்டுக்குத்தான் நீங்கள் மறுபடி போக வேண்டும். நாள்தோறும் ஓடும் அட்டவணையை "சாத்தியமில்லை" என்று சொல்லும் மாதிரியைத் தூக்கிக்கொண்டு யாரிடமும் போகாதீர்கள். அதைப் பார்த்த நிமிடமே அவர்கள் உங்கள் மற்ற எல்லா முடிவையும் ஒதுக்கிவிடுவார்கள், அது நியாயமும்கூட.

7. இலக்கை நிர்ணயியுங்கள்

எல்லா ரயில்களின் ஓட்ட நேரத்தையும் கூட்டி இழிவாக்குவதே எளிது. ஆனால் அது 7 மணிக்கு மூச்சு முட்ட வரும் அலுவலக ரயிலையும் எதிர்த்திசையில் காலியாகத் திரும்பும் ரயிலையும் சமமாக எண்ணும். பயணிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். துல்லியமான கணக்கு இல்லாவிட்டாலும் "நெரிசல், நடுத்தரம், காலி" என்று மூன்று நிறை கொடுத்தாலே விடை மாறும். ஆனால் எதிர்த்திசை ரயிலில் பாடசாலைப் பிள்ளைகள் போகிறார்களா என்று பார்த்துவிட்டு நிறையைக் குறையுங்கள். எண்ணிக்கையில் குறைவு என்பதற்காக அந்தப் பிள்ளைகளைக் குறோசிங்கில் இருபது நிமிடம் நிறுத்திவைக்கக் கூடாது.

சீரான இடைவெளிக்கும் மதிப்புக் கொடுங்கள். ஒரு மணித்தியாலத்தில் இரண்டு ரயில்கள், 30 நிமிடத்துக்கு ஒன்று என்றால், நேரம் பாராமல் வருபவர் சராசரியாக 15 நிமிடம் காத்திருப்பார். அதே இரண்டு ரயில்கள் 10 நிமிடம், 50 நிமிடம் என்று வந்தால் சராசரிக் காத்திருப்பு ஏறத்தாழ 22 நிமிடம். ஒரு ரயில்கூடக் கூட்டாமல் பயணிக்கு 7 நிமிடம் மிச்சம்.

விடை மிகச் சிறந்த விடைக்கு 1 சதவீதத்துக்குள் வந்ததும் சோல்வரை நிறுத்திவிடுங்கள். உங்கள் அளவீட்டிலேயே அரை நிமிடப் பிழை இருக்கும்போது இரவு முழுக்க லப்டொப்பைச் சூடாக்கி மிச்ச 1 சதவீதத்தைத் துரத்துவதில் பயனில்லை.

8. பாதை எவ்வளவு தாங்கும்?

கணினி இல்லாமலே செய்யக்கூடிய கணக்கு ஒன்று. லூப்புகளுக்கு இடையே மிக நீண்ட துண்டைப் பாருங்கள். அதன் ஓட்ட நேரம் 12 நிமிடம், மாற்று நேரம் 2 நிமிடம் என்று வைப்போம். ஒரு ரயில் போய் ஒரு ரயில் வர 12 + 2 + 12 + 2 = 28 நிமிடம். மணித்தியாலத்துக்கு இரண்டு சோடி ஓட்டினால் 56 நிமிடம், அதாவது 93 சதவீதம் நிரம்பிவிடும். சர்வதேச ரயில்வே ஒன்றியத்தின் 406 ஆம் இலக்க வழிகாட்டி, புறநகர்ப் பயணிகள் பாதைக்கு நெரிசல் நேரத்தில் 85 சதவீதத்தையும் நாள் முழுவதற்கும் 70 சதவீதத்தையும் உச்ச எல்லையாகச் சொல்கிறது. 40 நிமிடத்துக்கு ஒரு சோடி என்றால் சரியாக 70 சதவீதம். இந்தத் துண்டு இருக்கும்வரை எந்தச் சோல்வராலும் இந்த எல்லைகளைத் தாண்டி நம்பகமான அட்டவணை தர முடியாது. மிச்சம் லூப் கட்டும் பொறியியலாளரின் கையில்தான்.

அட்டவணை சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் இன்னொரு விதியும் உண்டு: எதிர் ரயில்களைச் சந்திக்கும் இடைவெளி, சேவை இடைவெளியில் பாதி. 40 நிமிடச் சேவைக்கு 20 நிமிட ஓட்டத்துக்கு ஒரு சந்திப்பு. அந்த இடத்தில் லூப் இல்லாவிட்டால் ஒரு ரயில் முந்திய நிலையத்திலேயே காத்திருக்க வேண்டும். உங்கள் நிலையப் பட்டியலில் இதைக் குறித்துப் பாருங்கள், எந்த லூப் பயனுள்ள இடத்தில் இருக்கிறது என்று உடனே தெரியும்.

இந்த வகை அட்டவணைக்கான கணித வடிவத்தை 1989இல் பாவ்லோ செராஃபினியும் வால்ட்டர் உக்கோவிச்சும் வெளியிட்டார்கள். நேரங்களை 0 முதல் 59 வரை மட்டும் எண்ணி, தேவைப்படும்போது 60இன் மடங்கைக் கூட்டுவதே அதன் சாரம். 52க்குப் புறப்பட்டு 7க்கு வந்தால் 7 − 52 + 60 = 15 நிமிட ஓட்டம். பெர்லின் நிலக்கீழ் ரயிலின் 2004 டிசம்பர் அட்டவணையும் நெதர்லாந்தின் 2006 டிசம்பர் அட்டவணையும் இந்த வழியில் வந்தவை. நாலு மணிநேர நெரிசல் மாதிரி கைக்குப் பழகிய பிறகு இதற்கு வாருங்கள், முதலிலேயே தொடாதீர்கள்.

9. தாமதத்தால் அடித்துப் பாருங்கள், அப்புறம் கொண்டுபோய்க் காட்டுங்கள்

சோல்வர் தரும் முதல் விடை எல்லா இடைவெளியையும் உறிஞ்சிவிட்டு, ரயில்களை ஒட்ட ஒட்ட அடுக்கியிருக்கும். அதை நம்பாதீர்கள். ரயில்களின் வரிசையை அப்படியே வைத்து, ஒவ்வொரு ரயிலையும் ஒரு தடவை 5 நிமிடம் பிந்தவிட்டு, அதனால் வேறு எத்தனை ரயில்கள் பிந்துகின்றன என்று எண்ணுங்கள். ஒரு குறிப்பிட்ட ரயில் பிந்தினால் பாதிக் காலை குழம்புகிறது என்றால், அதன் குறோசிங்குகளில் 2 நிமிடத் தளர்வைக் கட்டுப்பாடாகச் சேர்த்து மறுபடி தீருங்கள். இன்றைய அட்டவணைக்கும் இதே சோதனையைச் செய்து, இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

களனிவெளிப் பாதை பல தெருக்களை ஒரே மட்டத்தில் வெட்டிப் போகிறது. புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு ரயிலும் கடவைகளை இன்னொரு தடவை மூடும். காலையில் பஸ்ஸில் போகிறவரும் நம் ஆட்கள்தான். கூடுதலாக எத்தனை நிமிடம் கடவை மூடியிருக்கும் என்ற கணக்கையும் அறிக்கையில் சேருங்கள்.

காட்டப் போகும்போது எண் அட்டவணையைக் கொண்டுபோகாதீர்கள். நேர–தூர வரைபு கொண்டுபோங்கள்: கிடையச்சில் நேரம், நிலைக்குத்தச்சில் நிலையங்கள், ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்ந்த கோடு. ரயில் ஓட்டத்தைப் பார்த்துக்கொள்பவர்கள் நாள் முழுக்க இந்தக் கோடுகளோடுதான் வாழ்கிறார்கள். கோடுகள் எங்கே வெட்டுகின்றன என்று ஒரு பார்வையிலேயே பிடித்துவிடுவார்கள். இன்றைய அட்டவணையை ஒரு நிறத்திலும் உங்களுடையதை இன்னொரு நிறத்திலும் ஏ3 தாளில் அச்சிடுங்கள். மாற்றிய ரயில்களை மட்டும் தனித் தாளில், பழைய நேரம், புதிய நேரம், ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரியில் எழுதுங்கள். முழுவதையும் மாற்றச் சொல்லாதீர்கள். இரண்டு மூன்று ரயில்களின் குறோசிங்கை இடம் மாற்றினால் என்ன நன்மை என்று காட்டினால் காது கொடுப்பார்கள்.

மொத்தத்துக்கும் ஆறு மாதம் ஒதுக்குங்கள். அதில் முதல் இரண்டு மாதமும் ஆவணத்துக்குக் காத்திருப்பதிலும் அளப்பதிலும் போகும். ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டுக்கு விசேட ரயில்கள் ஓடுவதால் அந்த மாத நடுப்பகுதியில் அளவீடும் சரிவராது, அலுவலகத்தில் ஆளும் அகப்படாது. ஜனவரியில் விண்ணப்பத்தைப் போட்டு, மார்ச் முடிவதற்குள் அளவீட்டை முடித்துவிடுங்கள். வரைபோடு மருதானைக்குப் போவதை மே மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.